பழைய ஃபைலைத் திறந்து பேரை மாத்துறதே பொழப்பா போச்சு!

கேள்வி: அக்கா, நான் ஒரு பிரஸ்ல 11 வருஷமா டிசைனரா இருக்கேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பிளெக்ஸ் எல்லாமே பழைய ஃபைல்ல பேரை மாத்திவிடறதுதான். முன்னாடி எதையாவது கிறுக்கிட்டே இருப்பேன், இப்ப வெள்ளைப் பேப்பரைப் பார்த்தா ஒண்ணுமே தோண மாட்டேங்குது. எனக்கே எனக்குன்னு ஏதாவது ஆரம்பிக்கணும், என்ன பண்ணலாம்?
– ஒரு வாசகி, கோவை

பதில்: முதல்ல கடைக்குப் போய் எதையும் வாங்கிடாதீங்க. நான் இப்படித்தான் ஆவேசமா அக்ரிலிக் பெயின்ட், கேன்வாஸ், ஈஸல்னு வாங்கிப் போட்டேன், ரெண்டு படத்தோட சரி, பெயின்ட் டியூப்லயே காஞ்சு போச்சு, ஈஸல்ல இப்ப துண்டு காயுது.

சிக்குக் கோலம் போடுங்க. சிரிக்காதீங்க! கட்டம் போட்ட நோட்டுல இடைப்புள்ளி 5, 3ல நிறுத்துங்க, அதாவது 3, 4, 5, 4, 3ன்னு அஞ்சு வரிசை, ஒரு வரிசைப் புள்ளி அடுத்த வரிசைப் புள்ளிகளுக்கு இடையில வரணும், மொத்தம் 19 புள்ளி. ஒரு மாசத்துக்கு அதே 19 புள்ளிதான், ஆனா தினம் புதுசா ஒண்ணு வரணும், யூடியூப் பார்க்கக்கூடாது. இழை புள்ளியைத் தொடாம சுத்தி, ஆரம்பிச்ச இடத்துக்கே ஒரே இழையா வந்து சேரணும். முதல் நாலஞ்சு நாள் அம்மா போட்டது, பக்கத்து வீட்ல பார்த்ததுன்னு கையே போட்டுடும். அப்புறம் சரக்கு தீர்ந்துடும். ஒரு வளைவை மாத்தினா இழை ரெண்டா பிரிஞ்சு நிக்கும், ஏன்னு புரியாம அழிச்சு அழிச்சுப் போடுவீங்க பாருங்க, எனக்கு சுவாரஸ்யமே அங்கதான் ஆரம்பிச்சுது.

எது வேணா வரையலாம்னு விட்டா கை ஓடாதுங்க. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரில பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் அவரோட சேர்ந்தவங்களும் 1974லயே கோலத்துக்கு இலக்கணம் எழுதி கம்ப்யூட்டர் ஆராய்ச்சிக் கட்டுரையே போட்டிருக்காங்க, அவ்வளவு கறாரான சமாச்சாரம், அப்படியும் மார்கழி வந்தா யாராவது ஒருத்தர் வாசல்ல நாம பார்க்காத கோலம் ஒண்ணு இருக்கத்தான் செய்யுது.

ஆனா கம்ப்யூட்டர்ல மட்டும் போடாதீங்க, கால்வாசி போட்டு மிச்சத்தைத் திருப்பி ஒட்டிடுவீங்க, தொழில் புத்தி எங்க போகும்! ஸ்டேட்டஸும் வேண்டாம், அப்புறம் நல்லா வந்ததை மட்டும்தான் போடத் தோணும்.

நோட்டு முடிஞ்சதும் வாசலுக்கு வாங்க. பச்சரிசி மாவை ரொம்ப நைஸா அரைச்சுடாதீங்க, விரல்ல ஒட்டிக்கும், கொஞ்சம் கொரகொரன்னு இருந்தாதான் இழை இறங்கும்.