முகத்தோடு முகம் ஒட்டிப் பேசும் பிள்ளை

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. வீட்டுக்கு யார் வந்தாலும் மடியில் ஏறாத குறையாக ஒட்டி நின்று, அவர்கள் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பித்தான் பேசுகிறான். வந்தவர்கள் நெளிகிறார்கள், மாமியார் "வளர்ப்பு சரியில்லை" என்கிறார். என் சித்தப்பா வந்தால் மட்டும் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்கிறான். என்ன செய்வது?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வளர்ப்பில் ஒரு குறையும் இல்லை, முதலில் அந்தக் கவலையை விடுங்கள். எவ்வளவு தள்ளி நின்று பேசுவது என்பது பார்த்துப் பார்த்துப் பழகுவதுதான். வயது ஏற ஏற இடைவெளியும் கூடும், பெரியவர்கள் அளவுக்கு வர ஏறக்குறைய 12 வயது ஆகிவிடும். அமெரிக்க மானுடவியலாளர் எட்வர்ட் ஹால் 1966-ல், பழகியவர்கள் பேசிக்கொள்ளும் தூரம் சுமார் 45 சென்டிமீட்டரிலிருந்து 1.2 மீட்டர் வரை என்று எழுதினார். ஆனால் அது அமெரிக்க நடுத்தர வர்க்கத்தாரைப் பார்த்து எழுதியது, ஊருக்கு ஊர் மாறும் என்று அவரே சொன்னார். நாலு பேர் ஒரே பாயில் படுத்தெழும் நம் வீடுகளுக்கு அது அப்படியே பொருந்தாது.

அவன் உயரத்திலிருந்தும் பாருங்கள். நிற்கிற பெரியவரின் இடுப்புதான் அவன் கண்ணுக்கு நேர்; அவரோ அவன் தலைக்கு மேலே யாரிடமோ பேசிக்கொண்டிருப்பார், கையில் போன் வேறு. தாடையைப் பிடித்துத் திருப்பாமல் வேறென்ன செய்வான்? வந்தவரை உட்காரச் சொல்லுங்கள், முகத்துக்கு நேரே முகம் வந்தாலே பாதி ஒட்டல் குறைந்துவிடும். நாலு பேர் முன்னால் "தள்ளி நில்லு" என்று அதட்டினால் எவ்வளவு தள்ளி என்று அவனுக்குத் தெரியாது. "கையை நீட்டு, மாமா மேல படாத இடத்துல நின்னு பேசு" என்று யாரும் இல்லாதபோது விளையாட்டாகக் காட்டுங்கள். அப்புறம், காதையும் ஒருமுறை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சளிக்குப் பிறகு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வது இந்த வயதில் சகஜம், சரியாகக் கேட்காத பிள்ளையும் இப்படி முகத்தைத் திருப்பிப் பார்க்கும்.

கடைசியில் போகிற போக்கில் சித்தப்பாவைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. எல்லோரிடமும் ஒட்டுகிற பிள்ளை ஒருவரிடம் மட்டும் விலகினால் காரணம் இருக்கும். மீசை குத்தலாம், கன்னத்தைக் கிள்ளலாம், சத்தமாகப் பேசலாம். அதைவிட மோசமாகவும் இருக்கலாம். "போ, தாத்தாவுக்கு முத்தம் கொடு" என்று தயவுசெய்து முன்னால் தள்ளிவிடாதீர்கள், அவரோடு தனியாகவும் விடாதீர்கள். இரவு படுக்கும்போது "தாத்தா வந்தா ஏன் கண்ணா ஒளிஞ்சுக்கற?" என்று கேட்டுவிட்டு, நீங்களாக எதையும் எடுத்துக் கொடுக்காமல் அவன் சொல்வதை முழுதாகக் கேளுங்கள். தவறாக ஏதாவது தெரிந்தால், உறவு கெட்டுவிடுமே என்று தயங்காமல் குழந்தைகளுக்கான உதவி எண் 1098-க்குப் போன் செய்துவிடுங்கள்.