லினக்ஸில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் பாதி காப்பியில் கழன்றுகொள்கிறது. கர்னல் டிரைவர் (லினக்ஸின் மையப் பகுதியில் சாதனங்களை ஓட்டும் நிரல்) கோளாறை நம்மைப் போன்றவர்கள் சரி செய்ய முடியுமா?

முடியும். நான் செய்திருக்கிறேன், அதுவும் மன்னார்குடியில் உட்கார்ந்துகொண்டு. அதற்கு முன்னால் ஒன்று. உங்கள் டிஸ்க்கில் யாருடைய கல்யாண வீடியோவோ பிள்ளையின் படங்களோ இருக்கும் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன், தயவு செய்து ஃபார்மட் மட்டும் செய்துவிடாதீர்கள். யார் சொன்னாலும் வேண்டாம். வேறு கம்ப்யூட்டரில் மாட்டி முதலில் ஒரு நகல் எடுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

என் மைத்துனர் நீடாமங்கலத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, அதனால் ஆவணி முகூர்த்தங்களின் எடிட்டிங் எல்லாம் அந்த மாதத்தில்தான் முடியும். அவர் மெஷினில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தது நான். புதிதாக ஒரு யூஎஸ்பி 3 பெட்டி வாங்கி, 2 டிபி டிஸ்க்கை அதில் போட்டு, பதினோரு கல்யாணத்தை மாற்ற ஆரம்பித்தார். ஐந்தாறு ஜிபி போனதும் காப்பி அப்படியே நிற்கும், பெட்டியின் நீல விளக்கு சிமிட்டாமல் எரியும், அரை நிமிடம் கழித்து டிஸ்க் மறைந்து வேறு பெயரில் திரும்பி வரும். எஸ்டிபி என்று இருந்தது எஸ்டிசி ஆகிவிடும். ராத்திரி பத்து மணிக்கு போன்: "அத்தான், பொண்ணு வீட்டுக்காரங்க நாளைக்கு வர்றாங்க."

நானும் முதலில் கேபிளைத்தான் மாற்றினேன். அப்புறம் கரண்ட் மேல் சந்தேகம், ஏனென்றால் வயல் மோட்டார்கள் ஓடும் நேரத்தில் அங்கே வோல்டேஜ் இறங்கிவிடும். தனி அடாப்டர் உள்ள ஹப் வாங்கினேன், பலன் இல்லை. டிஸ்க் தன் உடல்நிலையைச் சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில், கெட்டுப்போன இடங்களைக் காட்டும் 5, 197 இரண்டு வரியிலும் பூஜ்யம், அதாவது டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் கர்னல் எழுதிவைக்கும் டீமெஸ்ஜி பதிவை உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி: யூஏஎஸ் டிரைவர் காத்திருந்து பார்த்துவிட்டுக் கட்டளையைக் கைவிடுகிறது, பின்னாலேயே யூஎஸ்பி ரீசெட்.

யூஏஎஸ் என்றால் என்ன என்பதை நம் ஊர்ப் பாசனத்தை வைத்துச் சொல்கிறேன். பழைய யூஎஸ்பி-ஸ்டோரேஜ் டிரைவர் முறை வைத்துத் தண்ணீர் விடுவது மாதிரி, ஒரு கட்டளை, அதற்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்தது. யூஏஎஸ் பல கட்டளைகளை ஒரே நேரத்தில் வரிசையில் விடும். வாய்க்கால் தாங்கினால் வேகம். தாங்காவிட்டால் கரை உடைப்புதான். டிஸ்க்குக்கும் யூஎஸ்பிக்கும் நடுவில் பெட்டிக்குள் ஒரு சின்ன சிப் இருக்கிறது, உடைந்துகொண்டிருந்தது அதுதான். எல்எஸ்யூஎஸ்பி என்ற கட்டளை காட்டும் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் எடுத்து, லினக்ஸ் கிளம்பும்போது படிக்கும் பூட் வரியில் யூஎஸ்பி-ஸ்டோரேஜ் குவர்க்ஸ் என்ற அமைப்பில் போட்டு, கடைசியில் யூ என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்தேன். அந்தப் பெட்டிக்கு யூஏஎஸ் வேண்டாம் என்று அர்த்தம். 200 ஜிபி, முக்கால் மணி நேரம், ஒரு தடங்கல் இல்லாமல் போய்ச் சேர்ந்தது.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அதே பெட்டியை வாங்கும் இன்னொருவர் இதே ராத்திரியை அனுபவிக்க வேண்டுமா? கர்னல் மூலநிரலில் இப்படிப்பட்ட சாதனங்களுக்கென்றே ஒரு பட்டியல் கோப்பு இருக்கிறது, எண் வரிசைப்படி. அதில் ஒரு பதிவைச் சேர்த்து, கையெழுத்து வரியோடு கர்னல் எழுதுகிறவர்களின் மெயில் குழுவுக்கு அனுப்பினேன். முதல் மெயில் போய்ச் சேரவே இல்லை, அலங்காரம் சேர்ந்த ஹெச்டிஎம்எல் மெயிலை அந்தக் குழு வாங்காது, வெறும் உரையாக இருக்க வேண்டும். இரண்டாவது போனது. இரண்டே நாளில் அங்கிருந்து ஒருவர் பதில் எழுதினார்: முழு யூஏஎஸ்ஸையும் மூடாதீர்கள், யூவுக்குப் பதில் எஃப் போட்டுப் பாருங்கள், அப்புறம் ஜி போட்டுப் பாருங்கள். எஃப் ஒரு குறிப்பிட்ட கட்டளையை மட்டும் தவிர்க்கும், அதில் பயனில்லை. ஜி ஒரு தடவைக்கு 240 செக்டாருக்கு (ஒவ்வொன்றும் அரை கேபி துண்டு) மேல் அனுப்பாது, அதாவது 120 கேபி. ஜி போட்டதும் ஒழுங்காக ஓடியது! மதகை மூட வேண்டியதே இல்லை, கொஞ்சம் இறக்கினால் போதும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. திருத்தி அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள்.

இதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு, சொல்லிவிடுகிறேன். அதே வாரம் அப்பாவின் குறுவை நெல் கொள்முதல் நிலையக் களத்தில் குவியலாகக் கிடந்தது. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பினார்கள். சரி, காய வைக்கலாம், ஐப்பசி வாசலில் எந்த வெயிலில்? ஒன்பது நாள் தார்ப்பாய் போட்டுக் காத்தோம், அடி மூட்டை முளைத்துவிட்டது. என்றைக்கு எடுப்பீர்கள் என்று கேட்டால் பதில் சொல்லக்கூட ஆள் இல்லை. முகம் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ எனக்குக் காரணத்தோடு பதில் எழுதுகிறார், பக்கத்து ஊரில் அப்பாவுக்குப் பதில் கிடையாது.

"விண்டோஸில் ஒழுங்காக ஓடுகிறதே, குறை லினக்ஸில்தான்" என்று சிலர் எழுதுவார்கள். பெட்டி செய்கிறவர்கள் பெரும்பாலும் அதில் ஓட்டிப் பார்த்துத்தான் விற்கிறார்கள், அதனால் அப்படித் தெரிகிறது. "இவர் என்ன பெரிய எஞ்சினியரா" என்பவர்களுக்கு: இல்லை, பாலிடெக்னிக். பதிவைப் படிக்க அது போதும்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். பழைய கர்னலில் ஓடி, புதியதில் மட்டும் கழன்றால் கதை வேறு, அப்போது கோளாறு எந்த மாற்றத்தில் நுழைந்தது என்று தேடும் கிட் பைசெக்ட் கட்டளைதான் வழி. இரண்டு பதிப்புகளுக்கு நடுவில் பத்தாயிரத்துக்கு மேல் மாற்றங்கள் இருக்கும், பாதி பாதியாகப் பிரித்தால் 14 தடவையில் குற்றவாளி மாற்றம் கிடைத்துவிடும். பழைய மெஷினில் ஒவ்வொரு தடவையும் மணிக்கணக்கில் கம்பைல் ஆகும், ஒரு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். எப்போதுமே இப்படித்தான் என்றால் முதலில் கேபிள், பிறகு ஜி, கடைசியாகத்தான் யூ. ரீசெட் வரிக்கு முந்தைய இருபது வரிகளையும் எல்எஸ்யூஎஸ்பி காட்டும் அந்த இரண்டு எண்களையும் இங்கே போடுங்கள், ராத்திரி கடை மூடிய பிறகு பார்க்கிறேன்.