தம்பியை வேலியோரம் அடக்கிவிட்டார்கள். தோண்டி எடுத்து அப்பா கல்லறையில் வைக்க முடியுமா?

கேள்வி: ஐயா, தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கைச் (கோயில் சபையை) சேர்ந்தவள் நான். இரண்டு மாதங்களுக்கு முன் என் தம்பி (31 வயது) தன் உயிரை மாய்த்துக்கொண்டான். போஸ்ட்மார்ட்டம் முடிந்து உடல் வந்தபோது, "இது போலீஸ் கேஸ், கோயிலுக்குள் கொண்டுவரக் கூடாது" என்று ஊர்க் கமிட்டியார் சொல்லிவிட்டார்கள். துக்க மணி அடிக்கவில்லை. பங்குச் சாமியார் வெளியூர் போயிருந்தார். உபதேசியார் (சாமியாருக்கு உதவியாக மறைக்கல்வியும் செபமும் சொல்லித்தருபவர்) மட்டும் வீட்டுக்கு வந்து செபம் சொன்னார். வரிப் பாக்கி என்று 12,000 ரூபாய் கட்டிய பிறகே கல்லறைத் தோட்டத்துச் சாவியைத் தந்தார்கள். அப்பா கல்லறையைத் திறக்க விடவில்லை. ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளை அந்தக் காலத்தில் புதைத்த, மந்திரிக்காத (சாமியார் செபித்து ஆசீர்வதிக்காத) மூலையில் வேலியோரமாக அடக்கினோம். "எம்புள்ளைய நாய் மாதிரி ஓரத்துல போட்டுட்டாங்களே" என்று அம்மா இன்றுவரை சரியாகச் சாப்பிடவில்லை. உடலை எடுத்து அப்பா கல்லறையில் வைக்க கோர்ட்டில் உத்தரவு வாங்க முடியுமா? கமிட்டி மேல் வழக்குப் போடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி, நானும் உபதேசியார் வீட்டுப் பேரன்தான். வேலியோர மூலை என்றால் என்னவென்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உங்கள் ஊரில் நடந்தது, இன்றைய திருச்சபைச் சட்டத்தில் இல்லாத ஒரு தண்டனை.

அது எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துகொள்ளுங்கள், கமிட்டியாரிடம் பேசும்போது உதவும். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1240-ஆம் எண், மனமறிந்து தற்கொலை செய்துகொண்டவர்களுக்குத் திருச்சபை அடக்கம் கிடையாது என்றது. உங்கள் ஊர்ப் பெரியவர்கள் அப்பா, தாத்தாவிடம் கேட்டு வளர்ந்த சட்டம் அதுதான். 1983-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வெளியிட்ட புதிய தொகுப்பு அந்தத் தடையை எடுத்துவிட்டது. அடக்கச் சடங்கு யாருக்கு மறுக்கப்படலாம் என்று இப்போது சொல்வது 1184-ஆம் எண். வெளிப்படையாக விசுவாசத்தை மறுதலித்தவர், கிறிஸ்தவ நம்பிக்கைக்கு எதிரான காரணத்துக்காகத் தகனத்தைத் தேர்ந்தவர், பொதுவில் இடறலாக வாழ்ந்த வெளிப்படையான பாவி என்று மூன்றே வகை. அவர்களும் சாகும் முன் மனந்திரும்பிய அடையாளம் காட்டியிருந்தால் மறுக்க முடியாது. தற்கொலை என்ற சொல்லே அங்கில்லை. சந்தேகம் வந்தால் மறைமாவட்டத் தலைவரான ஆயரிடம் கேட்க வேண்டும் என்கிறது சட்டம்; கமிட்டியிடம் அல்ல. பங்குப் பேரவைக்கே ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும்தான் (எண் 536). 1992-இல் வந்த மறைக்கல்வி நூலோ, கடுமையான மன நெருக்கடி ஒருவரின் பொறுப்பைக் குறைக்கும் என்கிறது. அப்படி இறந்தவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்கிறது (2282, 2283). இதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

"போலீஸ் கேஸ்" என்பதும் வெற்றுப் பேச்சு. இயற்கையல்லாத மரணம் என்றால் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 194-ஆம் பிரிவின்படி போலீஸ் விசாரணை நடத்துவது நடைமுறை. பிரேதப் பரிசோதனை முடிந்து உடலை உறவினரிடம் ஒப்படைத்த பின் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

இனி உங்கள் முதல் கேள்வி. தோண்டி எடுக்கும் யோசனையை விட்டுவிடுங்கள் என்பதே என் கருத்து. மரணம் குறித்த விசாரணைக்காகப் புதைத்த உடலை எடுத்துப் பார்க்க மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அது சாவின் காரணம் அறிய, இடம் மாற்ற அல்ல. காஷ்மீரில் ஒரு தந்தை தன் மகனின் உடலைக் கேட்டுத் தொடுத்த வழக்கில் 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது: கண்ணியத்துக்கான உரிமை இறந்த உடலுக்கும் உண்டு, ஆனால் ஒருமுறை அடக்கம் செய்த உடலை நீதியின் தேவைக்காக அன்றிக் கலைக்கக் கூடாது. அந்தத் தந்தையின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. ஒரே கல்லறைத் தோட்டத்துக்குள் இருபது அடி தள்ளி வைக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால் கிடைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஆத்திரத்தில் நீங்களே ஆள் வைத்துத் தோண்டினால், கல்லறையில் அத்துமீறியதாக பாரதிய நியாய சன்ஹிதா (குற்றவியல் தண்டனைச் சட்டம்) 301-ஆம் பிரிவில் உங்கள் மேலேயே புகார் வரும். ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இரண்டு மாத உடலை வெளியே எடுக்கும் காட்சியை அம்மா தாங்குவாரா என்பதையும் எண்ணிப் பாருங்கள். அது சட்டக் கேள்வி அல்லதான், ஆனாலும் கேட்கிறேன்.

உடல் நகராமலே இடம் மாறலாம். புதிய தொகுப்பிலும் ஒரு 1240 இருக்கிறது. பழையதில் கதவை அடைத்த அதே எண், புதியதில் கல்லறைகளை மந்திரிப்பதைப் பற்றியது: மந்திரித்த கல்லறைத் தோட்டம் இல்லாத இடத்தில், ஒவ்வொரு குழியையும் தனித்தனியாக மந்திரிக்க வேண்டும். அந்த மூலை மந்திரிக்காத இடம் என்பதுதானே பிரச்சினை? குரு ஒருவர் தீர்த்தமும் செபப் புத்தகமும் கொண்டுவந்தால் பத்து நிமிட வேலை. மூலை முழுவதையும் மந்திரித்தால், அங்கே பெயரில்லாமல் கிடக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஆகும்.

ஆகவே ஆயருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். நகல் பங்குத்தந்தைக்கும் மறைவட்ட அதிபருக்கும் (பக்கத்துப் பங்குகளைச் சேர்த்துக் கவனிக்கும் குருவுக்கும்). அம்மாவின் குறையைப் பங்குத்தந்தையிடம் முதலில் நேரில் சொல்லிவிடுங்கள். அவர் ஊரில் இல்லாதபோது நடந்ததை அவர் மேல் ஏற்ற வேண்டாம். மனுவில் கேட்க வேண்டியவை: கல்லறையை மந்திரிப்பது, தம்பியின் பெயர் சொல்லி ஞாயிறு அறிவிப்பில் வாசித்து ஒரு திருப்பலி (உயிரோடிருப்போர், இறந்தோர் யாருக்காகவும் குரு திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது எண் 901), மரித்தோர் பதிவேட்டில் அவர் பெயரைப் பதிந்து அதன் நகல் (எண் 1182). அப்பா கல்லறைக் கல்லில் தம்பியின் பெயரையும் பொறிக்க அனுமதி கேளுங்கள். கல்லறை மண் குடும்பத்துக்குச் சொந்தமல்ல, பயன்படுத்தும் அனுமதி மட்டுமே. ஆகவே அனுமதி இல்லாமல் கல்லில் கை வைக்க வேண்டாம். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு முன் இதெல்லாம் முடிய வேண்டும் என்று தேதியைக் குறிப்பிடுங்கள். தேதி இல்லாத மனு மேசையில்தான் தூங்கும்.

வழக்கைப் பற்றி. திருப்பலி வை என்று எந்த நீதிமன்றமும் குருவுக்கு உத்தரவிடாது. ஆனால் கல்லறையில் இடம் மறுப்பது வேறு. சொத்து உரிமை சம்பந்தப்பட்டது என்றால், அது மதச் சடங்கைப் பொறுத்திருந்தாலும் உரிமையியல் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று சிவில் நடைமுறைச் சட்டம் 9-ஆம் பிரிவின் விளக்கம் சொல்கிறது. உங்களுக்கு இடம் மறுக்கப்படவில்லை, மூலையில் கொடுத்தார்கள் என்று எதிர்த்தரப்பு வாதிடும். ஜெயித்தாலும் பல வருடம் ஆகும்.

12,000 ரூபாயை, வற்புறுத்தலில் கொடுத்த பணம் என்று ஒப்பந்தச் சட்டம் 72-ஆம் பிரிவின்கீழ் மூன்று ஆண்டுகளுக்குள் திரும்பக் கேட்கலாம். ஏழைகளுக்கு அடக்கச் சடங்கு கிடைக்காமல் போகக் கூடாது, ஆள் பார்த்துச் செய்யக் கூடாது என்று திருச்சபைச் சட்டமே (எண் 1181) எச்சரிக்கிறது. ரசீது இருக்கிறதா? இல்லையென்றால் இப்போதே கேட்டு வாங்குங்கள். நானாக இருந்தால் இதை மனுவில் ஒரு வரியாகச் சேர்ப்பேன், வழக்காக்க மாட்டேன்.

கிராம நிர்வாக அலுவலரிடம் அந்தக் கல்லறைத் தோட்டத்துச் சர்வே எண்ணுக்கு 'அ' பதிவேட்டு (நிலம் யார் பெயரில், என்ன வகை என்று காட்டும் வருவாய்த்துறைப் பதிவேடு) நகல் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மறைமாவட்டத்தின் பெயரில் இருந்தால் பேச்சு ஆயரோடு. மயானப் புறம்போக்கு என்று இருந்தால் அரசு நிலத்தின் சாவியை வைத்துக்கொண்டு வரி கேட்க கமிட்டிக்கு என்ன அதிகாரம் என்று தாசில்தாரிடம் கேட்கலாம். இன்னொரு வீட்டுக்கு இப்படி நேர்ந்தால், தனியார் அமைப்பான சபையை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டால் பெரும்பாலும் நிற்காது. கடமையைச் செய்யாத தாசில்தாரையும் போலீசையும் எதிர்த்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் போடலாம். ஆனால் சத்தீஸ்கரில் ஒரு கிறிஸ்தவப் போதகரின் உடல் 2025 ஜனவரி 7 முதல் பிணவறையில் கிடந்து, உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்பெழுதி, 27-ஆம் தேதிதான் வேறோர் ஊர்க் கல்லறையில் அடக்க வழி பிறந்தது. உடலை வைத்துக்கொண்டு வழக்காடுவது அவ்வளவு கொடுமை. அதனால்தான் இனி எந்த அடக்கத்தையும் இப்படித் தடுக்கக் கூடாது என்று ஆயரிடமிருந்து பங்குக்கு ஒரு கடிதம் வாங்குவதை நான் பெரிதாக நினைக்கிறேன்.

அன்பியத்தார் (பங்கில் உங்கள் தெருவுக்கான செபக் குழுவினர்) வீட்டுக்கு வந்து செபமாலை சொன்னார்களா என்று நீங்கள் எழுதவில்லை. வரவில்லை என்றால் வெட்கப்படாமல் கூப்பிடுங்கள். மரியாயின் சேனையிலோ வின்சென்ட் தே பவுல் சபையிலோ அம்மா வயதுடைய ஒருவராவது இருப்பார். இரண்டு மாதமாகச் சரியாகச் சாப்பிடாத தாயை மருத்துவரிடமும் காட்டுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மனுவில் முதல் கையெழுத்து அம்மாவுடையதாக இருக்கட்டும். கையெழுத்துப் போட வராது என்றால் கைநாட்டு போதும்.