‘அப்பா லேட்’ – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிக் கேட்கத்தான் எழுதுகிறேன். வேறு நாட்டில் இருக்கும் சக ஊழியர் ஒருவருடன் வாரம் இரண்டு முறை வீடியோவில் பேசுவேன். போன மாதம், வேலைப் பேச்சு தொடங்கும் முன், குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். “மை ஃபாதர் இஸ் லேட்” என்றேன். அவர் புரியாமல், “எதற்கு லேட்?” என்றார். எனக்கு வாய் அடைத்துவிட்டது. அதற்குள் மற்றவர்களும் வந்துவிட, கூட்டம் தொடங்கிவிட்டது.

அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது. அந்தக் கேள்வி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. நான் சொன்னது தவறா? ‘லேட்’ என்றால் மறைந்த என்றுதானே அகராதியில் இருக்கிறது? அப்புறம், அவரிடம் இனிமேல் போய் விளக்கிச் சொல்லலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

அப்பாவைப் பற்றிச் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு அப்படியொரு கேள்வி திரும்பி வந்தால் யாருக்கும் தைக்கும். ஆனால் கேட்டவர் மனம் நோகக் கேட்கவில்லை. அவர் காதில் விழுந்தது ‘அப்பா வரத் தாமதமாகிறது’ என்பது மட்டும்தான். நீங்கள் எடுத்த சொல் சரியான சொல். அதை வைத்த இடம்தான் மாறிவிட்டது.

இதைப் புரிந்துகொள்ள ஆங்கிலத்துக்குப் போக வேண்டாம், தமிழிலேயே இருக்கிறது. ‘நேற்று எனக்கு நல்ல காய்ச்சல்’ என்கிறோம். கேட்பவர் ‘அடடா, இப்போது எப்படி இருக்கிறது?’ என்பார். அதையே திருப்பிப் போட்டு, ‘நேற்று எனக்கு வந்த காய்ச்சல் நல்லது’ என்று சொல்லிப் பாருங்கள். எதிரில் இருப்பவர் குழம்பிப் போவார். காய்ச்சலுக்கு முன்னால் நின்றபோது ‘நல்ல’ என்பதற்குக் கடுமையான என்று பொருள். பின்னால் போனதும் அது பாராட்டு ஆகிவிட்டது. நல்ல பாம்பு என்பதை யாரும் ‘அந்தப் பாம்பு நல்லது’ என்று மாற்றிச் சொல்வதில்லை. இதை நமக்கு யாரும் இலக்கணப் பாடமாக நடத்தவில்லை, காதால் கேட்டே தெரிந்துகொண்டோம்.

ஆங்கில ‘லேட்’டும் இந்த வகைதான். பெயருக்கு முன்னால் நிற்கும்போது அதற்கு இரண்டு பொருளும் உண்டு. ‘எ லேட் டிரெய்ன்’ என்றால் தாமதமான ரயில், ‘மை லேட் ஃபாதர்’ என்றால் மறைந்த என் தந்தை. ‘இஸ்’ஸுக்குப் பின்னால் போய்விட்டால், பிரிட்டிஷ், அமெரிக்க ஆங்கிலத்தில் மறைந்த என்ற பொருள் உதிர்ந்துவிடும், தாமதம் ஒன்றுதான் மிஞ்சும். அங்கே இப்படி இடம் மாறினால் பொருளும் மாறுகிற சொற்கள் இன்னும் இருக்கின்றன. ‘ஓல்ட் ஃபிரெண்ட்’ என்றால் நெடுநாள் நண்பர். அவருக்கு இருபது வயதுகூட இருக்கலாம். ‘மை ஃபிரெண்ட் இஸ் ஓல்ட்’ என்றால் நண்பர் கிழவர். ‘ஹெவி ஸ்மோக்கர்’ நிறையப் புகைப்பவர், ‘த ஸ்மோக்கர் இஸ் ஹெவி’ என்றால் ஆள் கனமானவர்.

உங்களுக்கு ஏன் அது தவறாகப் படவில்லை என்றும் எனக்குப் புரிகிறது. தமிழில் ‘மறைந்த அப்பா’ என்பதை ‘அப்பா மறைந்தார்’ என்று தயங்காமல் மாற்றலாம். ‘காலஞ்சென்ற’ என்பதும் அப்படியே ‘காலஞ்சென்றார்’ ஆகும். இவை வினையிலிருந்து பிறந்த சொற்கள், உள்ளே ஒரு செயல் இருக்கிறது. ‘லேட்’டுக்குள் அப்படிச் செயல் ஏதும் இல்லை. இன்னும் சொல்லப்போனால், அதற்குள் மரணமே இல்லை.

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு மெதுவான, மந்தமான என்றுதான் பொருள். மெதுவாக வருவது பிந்தி வரும், அதனால் தாமதம் என்ற பொருள் வந்தது. பிந்தி வந்தது நமக்குக் கிட்டத்தில் இருப்பது, அதனால் அண்மைக்காலத்திய என்ற பொருளும் சேர்ந்தது. இந்த வழியில்தான் 15ஆம் நூற்றாண்டு வாக்கில் இறந்தவர்களைக் குறிக்க அது வந்து சேர்ந்தது: அண்மைக்காலம் வரை நம்மோடு இருந்தவர். இறப்பை நேராகச் சொல்லாமல், இருந்த காலம் இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறது என்று சொல்கிற சொல் அது. எனக்கு இந்தச் சொல்லின் மேல் ஒரு பிரியமே உண்டு, இந்தக் காரணத்துக்காக.

அதனால்தான் அதை எல்லா இறந்தவர்களுக்கும் போட முடிவதில்லை. 1616இல் இறந்த ஷேக்ஸ்பியரையும் 1727இல் இறந்த நியூட்டனையும் யாரும் ‘லேட்’ என்று குறிப்பிடுவதில்லை. 2022 செப்டம்பரில் இறந்த இரண்டாம் எலிசபெத்தை ‘த லேட் குவீன்’ என்று பிரிட்டிஷ் பத்திரிகைகள் எழுதுகின்றன. 1901இல் இறந்த விக்டோரியாவை இன்று அப்படி எழுத மாட்டார்கள். இத்தனை ஆண்டு என்று கணக்கு ஒன்றும் கிடையாது. அந்த மனிதரின் நினைவு வாசிப்பவர்களிடம் இன்னும் பச்சையாக இருக்கிறதா என்பதே பேச்சு. மூன்று வருடம் ஒன்றுமே இல்லை, எஸ். உங்களுக்கு முப்பது வருடம் கழித்தும் ‘மை லேட் ஃபாதர்’ சரியாகவே இருக்கும்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. போட்ஸ்வானா போன்ற, ஆப்பிரிக்காவின் தென்பகுதி நாடுகளில் ஆங்கிலம் பேசுபவர்கள், ஒருவர் இறந்துவிட்டார் என்பதை ‘ஹி இஸ் லேட்’ என்றே இயல்பாகச் சொல்கிறார்கள். அங்கே அது பிழை இல்லை, அவர்களின் ஆங்கிலம் அப்படி. உங்கள் சக ஊழியர் அங்கிருந்து வந்தவராக இருந்திருந்தால், எதற்கு லேட் என்று கேட்டிருக்க மாட்டார். வருத்தம் தெரிவித்திருப்பார்.

எழுத்தில் இந்தச் சொல்லைப் போடும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். பெயருக்கு முன்னால் வெறுமனே ‘லேட்’ என்று தொடங்குவது தெற்காசிய ஆங்கிலத்தில் பரவலான வழக்கம். மற்ற இடங்களில் ‘த லேட்’ என்று ‘த’ சேர்த்துத்தான் எழுதுவார்கள். அப்புறம், அவர் உயிரோடு இருந்தபோது செய்ததைச் சொல்லும் வாக்கியத்தில் அதை யோசித்துப் போட வேண்டும். ‘என் லேட் ஃபாதர் என் அம்மாவைத் திருமணம் செய்துகொண்டார்’ என்ற பொருளில் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியதைப் படித்தேன். இறந்த பிறகு மணம் செய்ததைப் போல அது விழுகிறது. அந்த இடத்தில் ‘மை ஃபாதர்’ போதும்.

‘லேட்’டின் குடும்பத்தில் வேறு இரண்டு சொற்கள் இருக்கின்றன, ‘லாஸ்ட்’, ‘லேட்டஸ்ட்’. இரண்டும் ‘லேட்’டின் உச்ச வடிவங்கள், ‘லாஸ்ட்’ பழையது. இந்த இரண்டில் நான் செய்த பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். வயதில் மூத்த எழுத்தாளர் ஒருவரைப் பற்றி ஆங்கிலத்தில் ஓர் அறிமுகக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன். அவருடைய அண்மை நாவலைச் சொல்லும் இடத்தில் ‘ஹிஸ் லாஸ்ட் நாவல்’ என்று எழுதியிருந்தேன். அச்சுக்குப் போகும் முன் அவர் பார்வைக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்த தாளில் வேறெங்கும் ஒரு கீறல் இல்லை. ‘லாஸ்ட்’ என்ற சொல்லைச் சுற்றி மட்டும் பென்சிலால் ஒரு மெல்லிய வட்டம். பக்கத்தில் சின்ன எழுத்தில், ‘இன்னும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறேன்’ என்று தமிழில் எழுதியிருந்தார். ‘லேட்டஸ்ட்’ என்றால் இதுவரை வந்ததில் புதியது, இனியும் வரும். ‘லாஸ்ட்’ என்றால் அதோடு முடிந்தது என்றும் படிக்கலாம். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். அன்றிலிருந்து உயிரோடு இருப்பவரின் படைப்புக்கு நான் ‘லாஸ்ட்’ போட்டதில்லை.

‘லேட்லி’யைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன்: அதற்குத் தாமதமாக என்று பொருள் இல்லை, சமீப காலமாக என்று பொருள். தாமதமாக வந்தான் என்பதற்கு ‘ஹி கேம் லேட்’ போதும்.

சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அப்பா என்ன செய்கிறார் என்று அடுத்த முறை யாராவது கேட்டால், ‘லேட்’டைத் தேட வேண்டாம். ‘மை ஃபாதர் டைட் திரீ இயர்ஸ் அகோ’ என்று சொல்லுங்கள். ‘டைட்’ என்ற சொல் முரட்டுத்தனமானது என்று பலர் பயப்படுகிறார்கள். அதில் மரியாதைக் குறைவு எதுவும் கிடையாது. மென்மையாகச் சொல்ல விரும்பினால் ‘பாஸ்ட் அவே’ இருக்கிறது. ‘எக்ஸ்பயர்ட்’ மட்டும் வேண்டாம். மருத்துவமனைக் குறிப்புகளில் அப்படி எழுதுவது உண்டு என்றாலும், சாதாரணப் பேச்சில் மருந்துக்கும் உரிமத்துக்கும் சொல்கிற சொல் அது. அப்பாவுக்கு எதற்கு அது?

அவரிடம் சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். கட்டாயம் சொல்லுங்கள். ஒரு மாதம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். தான் கேட்டது எங்கே போய் விழுந்தது என்று அவருக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால் வருந்துவார், அப்பாவைப் பற்றிக் கேட்கவும் கேட்பார். இலக்கண விளக்கமெல்லாம் அவருக்குத் தேவையில்லை. அன்று நான் சொல்ல வந்தது, என் அப்பா மூன்று வருடம் முன்பு இறந்துவிட்டார் என்பதை, என்று தொடங்கினால் போதும். அதற்குப் பிறகு, உயிரோடு இருந்தபோது அவர் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதைச் சொல்லுங்கள். அவர் முதலில் கேட்டதும் அதைத்தானே?

அன்புடன்.