இடது கைக்குத்தான் வேலை

அன்புள்ள அண்ணனுக்கு,

தொண்டியிலிருந்து எழுதுகிறேன். சிமுலேட்டர் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறவன். டிசிஎஸ் என்கிற கணினிப் போர் விமான சிமுலேட்டரில் ஜெட் விமானங்கள் ஓரளவு கைக்கு வந்துவிட்டன. போன மாதம் அதில் மி-24பி என்ற ரஷ்யத் தாக்குதல் ஹெலிகாப்டரை வாங்கினேன். மூன்று இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். இறங்கும்போது கடைசி இருபது முப்பது மீட்டரில் திடீரென்று விழுகிறது. கலெக்டிவை (ஏற்றி இறக்கும் இடது கை நெம்புகோல்) முழுக்க இழுத்தாலும் நிற்பதில்லை, வால் வேறு சுழன்றுவிடுகிறது. ராக்கெட் அடித்தால் குறிக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ போய் விழுகிறது. தாக்கிவிட்டுத் திரும்பும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போய் தரையில் மோதுகிறேன். ஜாய்ஸ்டிக் கர்வ் (கை அசைவுக்கு எவ்வளவு பதில் வர வேண்டும் என்ற அமைப்பு) எல்லாம் மாற்றிப் பார்த்துவிட்டேன். நண்பர்கள் அமெரிக்க ஹெலிகாப்டர் அப்பாச்சி எளிது, அதை வாங்கு என்கிறார்கள். வாங்கலாமா?

இப்படிக்கு,
தொண்டி வாசகன்

*

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் மூன்று பிரச்சினை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அவை ஒன்றாகத்தான் தெரிகின்றன. மூன்றிலும் வலது கையால் சரிசெய்யப் பார்க்கிறீர்கள். கோளாறு இடது கையில் இருக்கிறது. ஜாய்ஸ்டிக் கர்வை எவ்வளவு மாற்றினாலும் கலெக்டிவைத் தவறான நேரத்தில் இழுக்கிற பழக்கத்தை அது தொடாது.

ஜெட்டிலிருந்து வருகிறவர்கள் எல்லாருக்கும் இது நடக்கிறது. அங்கே த்ராட்டிலை ஓர் இடத்தில் வைத்துவிட்டு ஸ்டிக்கால் பறக்கலாம். ஹெலிகாப்டரில் கலெக்டிவ் ஒரு விரற்கடை நகர்ந்தாலே மேலே சுழலும் ரோட்டாரின் எல்லா பிளேடுகளின் கோணமும் ஒன்றாகக் கூடுகிறது. தூக்கும் விசை கூடும்போது ரோட்டாரைச் சுழற்றத் தேவையான முறுக்குவிசையும் கூடும், அதன் எதிர்வினையாக மூக்கு திரும்பும். அதைப் பிடிக்கப் பெடல் வேண்டும். பெடல் மிதித்தால் வால் ரோட்டாரின் தள்ளுவிசை மாறி உடல் பக்கவாட்டில் நகரும். அதற்கு வலது கையில் இருக்கும் சைக்ளிக் ஸ்டிக் வேண்டும். இடது கை ஒருமுறை பதறினால் இரண்டு காலும் வலது கையும் அந்தப் பதற்றத்தைத் துரத்திக்கொண்டே இருக்கும். தரையிறக்கமோ தாக்குதலோ, இடது கை முன்கூட்டியே, கொஞ்சம் கொஞ்சமாக வேலை செய்தால் மற்ற இரண்டுக்கும் பாதி வேலைதான் மிஞ்சும்.

இறங்குவதை முதலில் பார்ப்போம். அதில்தான் நிறையப் பேர் மனம் வெறுத்து விட்டுவிடுகிறார்கள்.

ஹெலிகாப்டருக்கு அதிக சக்தி தேவைப்படுவது ஹோவரில், அதாவது வானில் ஓரிடத்தில் அசையாமல் நிற்கும்போது. வேகம் எடுக்க எடுக்கக் குறைந்து, நடுத்தர வேகத்தில் மிகக் குறைவாகி, அதிவேகத்தில் மறுபடி கூடும். இதற்குக் காரணம் எளிது. முன்னே நகரும்போது ரோட்டாருக்குக் கலங்காத புதிய காற்று கிடைக்கிறது. நின்றுவிட்டால் தானே கீழே தள்ளிய காற்றுக்குள் அது உழைக்க வேண்டியிருக்கிறது. ஏறத்தாழ 16 முதல் 24 நாட் வரையிலான வேகத்தில் இந்த மாற்றம் வருகிறது. கிலோமீட்டரில் சொன்னால் மணிக்கு 30 முதல் 45 கி.மீ. அந்த இடத்தைக் கீழ்நோக்கிக் கடக்கும்போது உடல் ஒரு குலுக்கு குலுக்கும், உடனே அமுங்கும்.

நீங்கள் செய்வது அநேகமாக இதுதான். வேகமாக வருகிறீர்கள். நிறுத்த மூக்கைத் தூக்குகிறீர்கள். தூக்கியதும் ஹெலிகாப்டர் மேலே ஏறப் பார்க்கும், அதனால் கலெக்டிவை அடிவரை இறக்குகிறீர்கள். வேகம் செத்ததும் அது அமுங்குகிறது, நீங்கள் ஒரே இழுப்பாக மேலே இழுக்கிறீர்கள். என்ஜினால் அந்த நொடியில் அவ்வளவு தர முடியாது. ரோட்டார் சுற்று குறைகிறது. வால் ரோட்டாரும் அதே கியரில் சுழல்வதால் அதன் பலமும் குறைகிறது. வலது பெடல் முழுக்க மிதித்தும் மூக்கு இடப்பக்கம் சுழல்கிறது. நீங்கள் எழுதிய விழுதலும் சுழலுதலும் இந்த ஒரு இழுப்பின் விளைவுகள்.

இன்னொரு சாத்தியமும் உண்டு, வோர்டெக்ஸ் ரிங். வேகமில்லாமல், சக்தி கொடுத்துக்கொண்டே செங்குத்தாக வேகமாக இறங்கினால் ரோட்டார் தன் காற்றையே மேலிருந்து மறுபடி இழுத்துச் சுழற்றும். அப்போது கலெக்டிவை இழுத்தால் இன்னும் வேகமாகத்தான் விழும். இரண்டையும் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. ரீப்ளேயில் அந்த இடத்தைப் போட்டு ரோட்டார் சுற்றுக் கருவியைப் பாருங்கள். சாதாரணமாக 95 சதவீதத்தை ஒட்டி நிற்கும் முள் சரிந்திருந்தால் சக்திப் பற்றாக்குறை. முள் நன்றாக இருந்தும் நடுங்கிக்கொண்டே விழுந்திருந்தால் வோர்டெக்ஸ் ரிங். அதிலிருந்து மீள மூக்கை முன்னே தள்ளி, கலெக்டிவைக் கொஞ்சம் தணித்து, வேகம் பிடித்து வெளியே வர வேண்டும். அதற்கு உயரம் வேண்டும். இருபது மீட்டரில் அது கிடைக்காது, ஆகவே அதற்குள் போகாமலிருப்பதுதான் ஒரே வழி. மணிக்கு 50 கி.மீ.க்குக் கீழே வந்துவிட்டால் இறங்கும் வேகத்தை நொடிக்கு இரண்டு மீட்டருக்குள் வைத்திருங்கள். நான் இதைக் கண்டிப்பாகவே கடைப்பிடிக்கிறேன்.

சரி, எப்படி இறங்குவது? நம் கடற்கரையில் பிறந்த உங்களுக்கு இது புரியும். நாட்டுப்படகைக் கரைக்குக் கொண்டுவருகிறவர் கரை வந்தபிறகு என்ஜினைக் குறைப்பதில்லை, வெகு தூரத்திலேயே குறைத்துவிட்டு மிச்ச ஓட்டத்தில் வருவார். அதே நிதானம்தான் இங்கும். இரண்டு கிலோமீட்டர் முன்பே வேகத்தைக் குறைக்க ஆரம்பியுங்கள். மூக்கைத் தூக்குவது ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வேண்டாம். இறங்க வேண்டிய இடத்தைக் கண்ணாடியில் ஒரே புள்ளியில் நிறுத்துங்கள். அது மேலே ஏறினால் எட்டாமல் போகிறீர்கள், கீழே நழுவினால் தாண்டிப் போகிறீர்கள். வேகம் 60க்கு வந்ததும், அமுங்கல் வருவதற்கு முன்பே, கலெக்டிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டத் தொடங்குங்கள். ஒவ்வொரு கூட்டலோடும் வலது பெடல் சேர்ந்தே போக வேண்டும். முதலில் ஹோவர் வரை போகவே வேண்டாம். மி-24க்குச் சக்கரம் இருக்கிறது. ஓடுபாதையில் 40 வேகத்தில் உருட்டி இறக்கிப் பழகுங்கள். அதன் குட்டை இறக்கைகள் வேகத்தில் தூக்கும் விசையில் கால் பங்கு வரை தருகின்றன, ஹோவரில் அவற்றால் பயனே இல்லை, பாரம்தான். அதனால் நிஜ விமானிகளும் சுமையோடு இருக்கும்போது உருட்டித்தான் ஏற்றுகிறார்கள், இறக்குகிறார்கள்.

பழகும்போது எரிபொருளைப் பாதியாக்குங்கள், ஆயுதங்களைக் கழற்றுங்கள், வெப்பநிலையை 15 டிகிரியில் வையுங்கள். கைக்கு வந்தபிறகு நம் ஊர் மே மாத வெயிலை வைத்துப் பாருங்கள். வெப்பக் காற்று அடர்த்தி குறைந்தது, ரோட்டாரும் என்ஜினும் இரண்டுமே தளரும். அதே கலெக்டிவ் நிலையில் நேற்று நின்ற ஹெலிகாப்டர் இன்று நிற்காது.

ராக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். ராக்கெட் மூக்கு பார்க்கிற திசையில் கிளம்பும், ஆனால் ஹெலிகாப்டர் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டிருந்தால் காற்று அதை வேறு பக்கம் திருப்பிவிடும். நீங்கள் குறி பார்த்துக்கொண்டே கலெக்டிவைக் கூட்டிக் குறைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பெடல் தேவை மாறுகிறது, சறுக்கலைக் காட்டும் கருவியின் பந்து நடுவிலிருந்து விலகுகிறது, அந்தச் சறுக்கலில்தான் பட்டனை அழுத்துகிறீர்கள். நான்கு கிலோமீட்டருக்கு வெளியிலேயே இலக்கை நோக்கித் திரும்பி, 200க்கு மேல் வேகம் வைத்து, மென்மையான சாய்வில் கலெக்டிவை ஓர் இடத்தில் நிறுத்திவிடுங்கள். பந்தை நடுவில் கொண்டுவந்து ட்ரிம் செய்யுங்கள், ஸ்டிக் அந்த நிலையிலேயே நிற்கும். அதற்குப் பிறகு இடது கை அசையவே கூடாது. இரண்டு கிலோமீட்டருக்குள் நுழைந்ததும் சின்னச் சின்ன வரிசையாக அடியுங்கள். மி-24பி-யின் 30 மி.மீ. பீரங்கி உடலின் வலப்பக்கம் பொருத்தப்பட்டது. நீளமாகச் சுட்டால் மூக்கை அந்தப் பக்கம் இழுக்கும், ஆகவே அதுவும் சின்னச் சின்னதாகவே.

ஒரு கிலோமீட்டரில் விலகிவிடுங்கள். இலக்குக்கு மேலே பறந்து போய் வயிற்றைக் காட்டுவது மிகப் பெரிய தவறு. விலகும் திருப்பத்தில்தான் உங்கள் மூன்றாவது பிரச்சினை வருகிறது. அந்தக் குட்டை இறக்கைகளே அங்கே எதிரியாகின்றன. வேகம் குறைந்த நிலையில் அதிகம் சாய்த்தால் தாழ்ந்த பக்க இறக்கை தூக்கும் விசையை இழக்கும், உயர்ந்த பக்கம் தூக்கிக்கொண்டே இருக்கும், சாய்வு தானாகவே கூடும். சைக்ளிக்கை எதிர்ப்பக்கம் இழுத்துச் சமாளிக்கப் பார்க்கிறீர்கள். மருந்து வேகம்தான். மூக்கைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், இறக்கை மறுபடி வேலை செய்யும். திருப்பத்துக்கு முன்பே கலெக்டிவை ஒரு பங்கு குறைத்துவிடவும் வேண்டும். நிறைய கலெக்டிவோடு சைக்ளிக்கைப் பலமாக இழுத்தால் பின்வாங்கும் பக்கத்து பிளேடு ஏற்கெனவே அதிகக் கோணத்தில் இருக்கிறது, அது ஸ்டால் ஆகும், அதாவது தூக்கும் விசையை இழக்கும். நடுக்கம் வந்ததுமே கலெக்டிவை விடுங்கள்.

இந்தப் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மி-24 நம் கரையில் வெறும் விளையாட்டுப் பெயர் இல்லை. 1987இல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்குப் போனது இதன் ஏற்றுமதி வடிவமான மி-25. 1995இலிருந்து இலங்கை விமானப்படையும் மி-24 வைத்திருந்தது. மண்டபம் அகதிகள் முகாமிலும் நம் ஊர்களிலும் அந்தச் சத்தத்தின் அடியில் இருந்துவிட்டு வந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்பீக்கரில் வைத்துப் பறக்காதீர்கள், ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள். இதை நான் பரிந்துரையாகச் சொல்லவில்லை, கேட்டுக்கொள்கிறேன்.

ஜாய்ஸ்டிக்கை ஒருமுறை சோதியுங்கள். விலை குறைந்த ஸ்டிக்குகளில் உரசும் வகை சென்சார் இருக்கும், நம் உப்புக்காற்றில் அது சீக்கிரம் கெடும். விண்டோஸ் காலிபரேஷன் திரையில் கையை எடுத்த பிறகும் புள்ளி துள்ளினால் காரணம் உங்கள் கை இல்லை. காந்தத்தால் இயங்கும் ஹால் சென்சார் உள்ள ஸ்டிக் இந்தக் கரைக்கு நல்ல முதலீடு. கலெக்டிவாக த்ராட்டிலைப் பயன்படுத்தினால் அச்சைத் தலைகீழாக்கி, பின்னால் இழுத்தால் ஏறும்படி வையுங்கள். நிஜத்தில் இழுத்தால்தான் ஏறும்.

பெடல் பழக்கத்துக்கு இன்னொரு நல்ல வழி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டரில் 2022 நவம்பரில் காப்ரி ஜி2 என்ற சின்ன பிரெஞ்சு ஹெலிகாப்டர் வந்தது. மேலிருந்து பார்த்தால் அதன் ரோட்டார் கடிகாரச் சுற்றில் ஓடும், மி-24ம் அப்படியே. கலெக்டிவ் கூடினால் வலது பெடல் என்ற ஒரே பழக்கத்தை இரண்டும் கேட்கின்றன. உச்சிப்புளி கடற்படை விமானதளமான ஐஎன்எஸ் பருந்து பக்கம் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய சேத்தக் ஹெலிகாப்டரும் பிரெஞ்சு வடிவம்தான், அதே சுற்று. அந்த சிமுலேட்டரில் பாம்பன், தனுஷ்கோடி எல்லாம் இருக்கின்றன. நிஜ வானிலையைப் போட்டுக்கொண்டு கச்சான் காற்று அடிக்கிற மாதத்தில் மண்டபம் கரையில் ஹோவர் செய்து பாருங்கள். மூக்கைக் காற்றுக்கு நேரே வைத்தால் எவ்வளவு கலெக்டிவ் மிச்சமாகிறது, முதுகைக் காட்டினால் எவ்வளவு பாடுபடுத்துகிறது என்று கைக்கே தெரியும். தண்ணீருக்கு மேல் ஆரம்பிக்காதீர்கள். பாக் நீரிணை அசையாமல் கிடக்கும் நாளில் உயரமே தெரியாது. கரையோரம் நின்று, தூரத்தில் ஒரு மரத்தையோ பாலத் தூணையோ பாருங்கள். பக்கத்துத் தரையைப் பார்த்தால் ஒவ்வொரு அங்குல நகர்வுக்கும் கை துள்ளும்.

அப்பாச்சி பற்றி. அதில் சக்தி கூடுதலாகக் கையிருப்பு உண்டு, நிலைப்படுத்தும் கருவியும் நன்றாகத் தாங்கிப் பிடிக்கும். ஹோவர் சுலபமாக வரும் என்பது உண்மை. ஆனால் இடது கைப் பழக்கம் மாறாமல் போனால் அங்கேயும் இதே இழுப்பை இழுப்பீர்கள், கருவி அதை மறைத்துக்கொண்டே இருந்து எல்லை தாண்டியதும் கைவிடும். மேலும் அமெரிக்க ரோட்டார் எதிர்ச்சுற்று. கலெக்டிவ் கூடினால் இடது பெடல். மி-24இல் கால் பாதி பழகிய நிலையில் இதற்கு மாறினால் இரண்டுமே குழம்பும். என் கருத்து, இப்போது வேண்டாம். மி-24ஐ அரை எரிபொருளோடு ஓடுபாதையில் உருட்டி இறக்குவது பார்க்காமலே வரட்டும், பிறகு ஹோவர், அப்புறம்தான் ஆயுதம். அதற்குப் பிறகும் அப்பாச்சி ஆசை இருந்தால் டிசிஎஸ்ஸில் 14 நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கும் வசதி இருக்கிறது. அதில் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

ரீப்ளேயில் ரோட்டார் முள் என்ன காட்டியது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்