ஒகவாங்கோ டெல்டாவில் சொகுசு சஃபாரி முகாமில் தங்கியிருக்கிறீர்களா? அவ்வளவு காசு கொடுத்துப் போகத் தகுமா?

தங்கியிருக்கிறேன். நானும் என் கணவரும், மூன்று இரவு, ஜூலை மாதத்தில். என் தம்பி போட்ஸ்வானா தலைநகர் கபரோனேயில் கணக்காளராக இருக்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது, "இவ்வளவு தூரம் வந்துட்டு அதைப் பார்க்காம போகாதேக்கா" என்று அவன்தான் ஏற்பாடு செய்தான்.

நேராகவே சொல்லிவிடுகிறேன். என்னைக் கேட்டால் தகும். ஆனால் சிங்கம், யானை பார்ப்பது மட்டும்தான் ஆசை என்றால் இதைவிடக் குறைந்த செலவில் பார்க்க ஆப்பிரிக்காவில் வேறு காடுகள் இருக்கின்றன. ஒகவாங்கோவில் பார்க்க வேண்டியது தண்ணீரை.

டெல்டா என்றாலே ஆறு கடலில் சேரும் இடம் என்றுதான் நமக்குப் பழக்கம். இந்த ஆறு கடலுக்கே போவதில்லை. அங்கோலாவின் மேட்டு நிலத்தில் பிறந்து, நமீபியாவின் ஒரு குறுகலான பகுதியைக் கடந்து, போட்ஸ்வானாவுக்குள் வந்து கலஹாரி மணலில் விசிறி போல விரிந்து அங்கேயே தீர்ந்துவிடுகிறது. பெரும்பகுதி ஆவியாகிப் போகிறது, கொஞ்சம் மண்ணுக்குள் இறங்குகிறது. தரை அவ்வளவு சமம். 250 கிலோமீட்டர் தூரத்துக்குச் சுமார் 60 மீட்டர்தான் இறக்கம். அதனால் அங்கோலாவில் ஜனவரி, பிப்ரவரியில் பெய்கிற மழை ஊர்ந்து ஊர்ந்து இங்கே வந்து நிரம்புவதற்குள் ஜூன், ஜூலை ஆகிவிடுகிறது. அப்போது போட்ஸ்வானாவில் கோடை மழை நின்று மாதக்கணக்காகியிருக்கும், சுற்றிலும் புல் காய்ந்து கிடக்கும். நாங்கள் இருந்த மூன்று நாளும் வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, கீழே வெள்ளம். அந்த நாட்டுப் பணத்தின் பெயர் புலா. மழை என்று அர்த்தம். அந்த ஊரில் நின்று பார்த்த பிறகு அந்தப் பெயர் எனக்கு நன்றாகப் புரிந்தது.

பயணத்தைப் பற்றிக் கொஞ்சம். ஜோகன்னஸ்பர்க் அல்லது கபரோனேயிலிருந்து மவுன் என்ற ஊர் வரை வழக்கமான விமானம் உண்டு. அங்கிருந்து முகாமுக்குச் சின்ன விமானம், இறங்குவது மண் ஓடுபாதையில். ஒரு ஆளுக்குப் பெரும்பாலும் 20 கிலோ வரைதான், அதுவும் மெத்தென்ற துணிப்பையாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டி அந்த விமானத்தின் அடிவயிற்றில் நுழையாது. எங்கள் ஏஜென்சி இதை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மவுனில் அவசரமாக இரண்டு துணிப்பை வாங்கி, விமான நிலையத்திலேயே எல்லாவற்றையும் மாற்றிக் கட்டி, பெட்டிகளை அங்கே விட்டுவிட்டுப் போனோம். அன்று எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. நீங்கள் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

முகாம் எப்படி என்று கேட்டால், கூடாரம் என்ற பெயர்தான், உள்ளே நல்ல ஓட்டல் அறை. தரையிலிருந்து உயர்த்திய மரத்தளத்தின் மேல் கட்டியிருக்கிறார்கள். எங்கள் முகாமில் எட்டே கூடாரம். சூரிய மின்சாரம், எப்போதும் வெந்நீர், துணி துவைத்துத் தருகிறார்கள். சைவம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் சாப்பாட்டுக்கும் குறையில்லை. ஜூலையில் விடிகாலைக் குளிர் எலும்பைத் தொடும். ராத்திரி போர்வைக்குள் ஒரு வெந்நீர்ப் பை, காலையில் ஜீப் சீட்டிலும் ஒன்று வைத்திருந்தார்கள். முகாமுக்கு வேலி கிடையாது. இருட்டிய பிறகு கூடாரத்திலிருந்து சாப்பிடப் போகவும் திரும்பவும் ஆள் கூட வந்துதான் அழைத்துப் போவார், தனியாக நடக்கவே கூடாது. முதல் ராத்திரி தளத்துக்கு அடியில் யாரோ கோணிப்பையைக் கிழிப்பது போலச் சத்தம். பயந்து போய் என் கணவரை எழுப்பினேன். நீர்யானை புல் மேய்கிற சத்தம் அது என்று காலையில் சொன்னார்கள்.

அடுத்த நாள்தான் மொகோரோவில் ஏறினோம். மொகோரோ என்பது ஒற்றை மரத்தைக் குடைந்த ஒல்லியான தோணி. பாயேய் மக்கள் இந்தப் பகுதிக்குக் கொண்டு வந்தது. மரங்களைக் காப்பதற்காக இப்போது பெரும்பாலும் ஃபைபரில் செய்கிறார்கள், வடிவம் மட்டும் அதேதான். முன்னால் நாம் இருவர் காலை நீட்டி உட்கார வேண்டும். பின்னால் தோணிக்காரர் நின்றபடி நீளக் கழியை ஊன்றித் தள்ளுவார். மோட்டார் இல்லை. அல்லி இலைகள் தோணியின் அடியில் உரசுகிற சத்தம் மட்டும்தான் கேட்கும். நம் கண், தண்ணீர் மட்டத்திலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கும். நீர்யானைக்குப் பயந்து ஆழமான இடங்களைத் தவிர்த்து, நாணலுக்கு நடுவில் ஆழமில்லாத வழியாகவே கூட்டிப் போவார்கள்.

அந்த நாட்டு மொழியான செட்ஸ்வானாவில் பெண்களை மரியாதையாக "ம்மா" என்பார்கள், ஆண்களை "ர்ரா". எங்கள் தோணிக்காரர் "துமேலா ம்மா" என்று வணக்கம் சொன்னபோது ஊரில் யாரோ அம்மா என்று கூப்பிட்டது போலவே இருந்தது. ஓர் இடத்தில் தோணியை நிறுத்தி, "ம்மா, பாருங்கள்" என்று ஒரு நாணல் தண்டைக் காட்டினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. விரலைக் கிட்டே கொண்டு போய்க் காட்டிய பிறகுதான் தெரிந்தது, என் கட்டைவிரல் நகத்தளவு தவளை ஒன்று, வெளிறிய நிறத்தில், கால்களை மடித்துத் தண்டோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அடிவயிறு மட்டும் துடித்தது. இரண்டு நிமிடம் மூவரும் பேசாமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவர் கைநிறையத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். கண்ணாடி மாதிரி இருந்தது, அடியில் மணல் தெரிந்தது.

பாலைவனத்தில் தேங்கி ஆவியாகிற தண்ணீர் உப்பாக அல்லவா ஆகியிருக்க வேண்டும் என்று கேட்டேன். ஒரு சின்னத் தீவில் இறக்கிக் காட்டினார். பல தீவுகள் கரையான் புற்றில்தான் தொடங்குகின்றன. புற்றின் மேட்டில் பறவை உட்காரும், அதன் எச்சத்தில் விதை விழும், மரம் வரும். ஓரத்து மரங்கள் தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, உப்பு தீவின் நடுவில் மண்ணுக்கடியில் சேர்ந்துகொண்டே போகும். தீவின் நடுவே வெள்ளை பூத்த வெற்றுத் தரையைப் பார்த்தேன். சுற்றியுள்ள தண்ணீர் நல்ல தண்ணீராக இருப்பதற்குக் காரணம் அந்த மரங்கள். நீர்யானைகள் தினமும் நடந்து நடந்து கோரை மண்டாமல் வாய்க்கால்களைத் திறந்து வைக்கின்றன. இதையெல்லாம் கேட்ட பிறகு அந்த இடத்தின் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது.

ஜீப்பிலும் போனோம். யானைக்கூட்டம், மரத்தில் படுத்திருந்த ஒரு சிறுத்தை, தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டு ஓடுகிற லெச்வே மான்கள் எல்லாம் பார்த்தோம். அருமைதான்.

இனி காசு. நல்ல முகாம்களில் சீசன் நேரத்தில் ஒரு ஆளுக்கு ஓர் இரவுக்கே ஆயிரம் டாலருக்கு மேல் போய்விடும், பெயர் பெற்றவை இரண்டாயிரத்தையும் தாண்டும். சாப்பாடு, சவாரி எல்லாம் பொதுவாக அதிலேயே அடக்கம். கூட்டம் குறைவாக, கட்டணம் அதிகமாக இருக்கட்டும் என்பது அந்த நாடு தெரிந்தே எடுத்த முடிவு. அங்கே இருக்கும் மொரேமி சரணாலயத்தை பதவானா மக்கள் 1963-இல் தங்கள் சொந்த நிலத்தில் ஏற்படுத்தினார்கள். 2014-இல் டெல்டா யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் 1,000-வது இடமாகச் சேர்ந்தது. இவ்வளவு பேர் தேடி வந்தும், மூன்று நாளில் எங்கள் முகாமைத் தவிர வேறு ஒரு வண்டியை நாங்கள் பார்க்கவில்லை. கட்டணத்தில் பெரும்பங்கு அதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

முகாம் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள்: நீங்கள் போகிற மாதத்தில் அங்கே மொகோரோ ஓடுமா? சில முகாம்கள் வறண்ட பக்கத்தில் இருக்கின்றன, சிலவற்றில் தண்ணீர் வற்றினால் தோணி நின்றுவிடும். இரவில் ஜீப்பில் சுற்ற ஆசை என்றால் தனி கன்செஷன் நிலத்தில், அதாவது ஒரு நிறுவனம் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் உள்ள முகாம் வேண்டும், மொரேமிக்குள் இருட்டிய பிறகு வண்டி ஓட்ட விடமாட்டார்கள். மலேரியா மாத்திரை பற்றிக் கிளம்புமுன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அப்புறம், அங்கே சொந்தக்காரர் யாராவது குடியிருந்தால் அவர் மூலம் விசாரியுங்கள். உள்ளூரில் வசிப்பவர்களுக்குச் சில முகாம்கள் கட்டணத்தைக் குறைக்கின்றன.

கடைசி நாள் காலை பக்கத்தில் சிங்கம் இருப்பதாகச் சொல்லி ஜீப்பைத் தயாராக வைத்திருந்தார்கள். நாங்கள் இருவரும் மொகோரோவே போதும் என்று சொல்லிவிட்டு மறுபடி அந்த நாணல்களுக்குள் போனோம்.