அது யாருடைய பாதம்?

கேள்வி: சென்னை மவுண்ட் ரோட்டில் போகும்போதெல்லாம் ‘ஹிக்கின்பாதம்ஸ்’ போர்டு கண்ணில் படுகிறது. அது யாருடைய பாதம்? இங்கிலாந்தில் நிஜமாகவே அப்படி ஒரு குடும்பப் பெயர் உண்டா? எங்கே அதிகம்?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அந்தப் புத்தகக் கடையை ஆரம்பித்தவர் ஏபெல் ஜோஷுவா ஹிக்கின்பாதம். வருஷம் 1844. நீங்கள் பார்க்கும் வெள்ளைக் கட்டடம் 1904-இல் வந்தது. மனிதர் பிற்பாடு சென்னைக்கு ஷெரீஃபாகவும் இருந்திருக்கிறார். கேட்டதற்கு இவ்வளவு போதும். ஆனால் ‘பாதம்’ என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டீர்களே, அதை விட்டுவிட்டுப் போக மனசு வரவில்லை.

அந்தப் பெயரின் வால் ‘பாட்டம்’. இன்றைய இங்கிலீஷில் அதற்கு உட்காரும் இடம் என்றும் ஓர் அர்த்தம் இருப்பதால் அந்த ஊர்ப் பள்ளிக்கூடங்களில் இந்தப் பெயர்க்காரர்கள் படாத பாடு படுவார்கள். பழைய இங்கிலீஷில் அந்தச் சொல்லுக்கு அப்படி ஒரு சங்கடமும் கிடையாது. அடி என்றுதான் அர்த்தம். ஊர்ப் பெயர்களில் வந்தால் பள்ளத்தாக்கின் அடி, இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஓடை ஓடுகிற தாழ்வான நிலம். நாம் அடிவாரம் என்கிறோமே, அதற்குப் பக்கத்து வீடு. அடி என்றால் தமிழில் பாதமும்தானே? ஆக, யாரோ ஒருவர் காதில் விழுந்ததைத் தமிழில் எழுதப்போய், அது மொழிபெயர்ப்பாகவும் ஆகிவிட்டது. மொழிபெயர்ப்புக்கு விருது வாங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

இந்தப் ‘பாட்டம்’ கூட்டம் பெரியது. கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு ரயன் சைட்பாட்டத்தைத் தெரியும். சுருட்டை முடியைக் காற்றில் விட்டு இடது கையால் பந்து போட்டவர். அவருடைய அப்பா ஆர்னியும் 1985-இல் இங்கிலாந்துக்கு ஒரே ஒரு டெஸ்ட் ஆடினார். சைட்பாட்டம் என்றால் அகலமான பள்ளத்தாக்கு, அவ்வளவுதான். ஷஃபிள்பாட்டம் என்று ஒன்று உண்டு; கேட்டால் சீட்டுக் குலுக்குகிற மாதிரி இருக்கும், மூலம் என்னவோ ஆடுகள் புழங்கிய ஓடைப் பள்ளம். ராம்ஸ்பாட்டம் இன்றைக்கும் லங்காஷயர் பக்கம் ஒரு ஊர். கிடாயின் பள்ளமா, காட்டுப்பூண்டு மண்டிய பள்ளமா என்று அதில் இரண்டு கட்சி. நான் பூண்டுக் கட்சி. இங்கிலாந்து கால்பந்து அணியின் முதல் மேனேஜர் வால்டர் விண்டர்பாட்டம். அவர் பெயருக்குள் இருப்பது குளிர்கால மேய்ச்சல் நிலம். அப்புறம் நம் இயான் போத்தம். 1980 பம்பாய் டெஸ்ட்டில் சதமும் அடித்து 13 விக்கெட்டும் எடுத்து நம் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டாரே, அவர் பெயரும் இதே பள்ளத்தில் முளைத்ததுதான்.

எங்கே அதிகம் என்று கேட்டீர்கள். லங்காஷயர், செஷயர், டெர்பிஷயர், யார்க்‌ஷயரின் மேற்கு ஓரம்: பென்னைன் மலைத்தொடரின் இரு பக்கமும் இறங்கும் பள்ளத்தாக்குகள். அங்கே நம் தெருவும் கோயிலும் போல வீடுகள் சேர்ந்திருப்பதில்லை. பள்ளத்துக்கு ஒரு பண்ணை வீடு, வீட்டுக்கு ஒரு குடும்பம். பண்ணையின் பெயரே ஆளுக்கு அடையாளம், பிறகு பிள்ளைகளுக்கும் அதுவே ஒட்டிக்கொண்டது. பின்னால் பருத்தி மில்கள் வந்தபோதும் பலர் நாலைந்து மைல் தள்ளிக் குடியேறினார்களே தவிர லண்டனுக்கு ஓடவில்லை. அதனால்தான் 1881 மக்கள்தொகைக் கணக்கை வைத்து வரைபடம் போட்டால் இந்தப் பெயர்கள் மான்செஸ்டரைச் சுற்றி மை கொட்டின மாதிரி தெரிகின்றன.

நம்மிடமும் ஊர்தான் பெயர். செம்மங்குடி வந்திருக்கிறார், அரியக்குடி பாடுகிறார் என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆனால் அது அந்த ஆளோடு நின்றுவிடும். நமக்குச் சர்நேம் கிடையாது என்பதை ஒரு வெளிநாட்டு விசா அலுவலகத்தில் முக்கால் மணி நேரம் விளக்கிப் பார்த்தேன். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, காலியாக இருந்த கட்டத்தில் என் அப்பா பெயரைப் போட்டுக்கொண்டாள். அந்தப் பயணம் முழுக்க ஹோட்டல்காரர்கள் என் அப்பாவுக்கு குட்மார்னிங் சொன்னார்கள். அவர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

வாலைப் பார்த்தோம், தலை பாக்கி இருக்கிறது. ‘ஹிக்கின்’ விஷயத்தில் நான் ஒரு தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்தப் பத்திரிகையில் ‘ஹ’ வரும்போதெல்லாம் கார்டு போடுகிற ஒரு தனித்தமிழ் அன்பர் இருக்கிறார். கிரந்த எழுத்து எதற்கு, ‘இக்கின்பாதம்’ என்று எழுதக்கூடாதா என்று பல வருஷமாகச் சண்டை. வெள்ளைக்காரன் பெயரைச் சிதைக்க உமக்கு என்ன உரிமை என்று நானும் கிண்டலாகப் பதில் போட்டுவந்தேன். இப்போது பார்த்தால், போல்டன் பக்கத்து ஓக்கன்பாட்டம் என்கிற இடம்தான் மூலமாம். ஓக் மரப் பள்ளம். அது ஈக்கன்பாட்டம் ஆகி, இக்கன்பாட்டம் ஆகி, அதற்கப்புறம்தான் ‘ஹ’ வந்து முன்னால் உட்கார்ந்திருக்கிறது. ‘மவுண்டன் ஆஷ்’ என்கிற மரத்துக்கு அந்த வட்டார வழக்கில் ஹிக்கின் என்று பெயர். ஓக் மறந்துபோய் ஜனங்கள் இந்த மரத்தைக் கொண்டுவந்து நட்டுவிட்டார்கள். அதாவது அன்பர் கேட்டது இடைக்கால லங்காஷயர் உச்சரிப்பு. அவருக்கே அது தெரியாது என்பது வேறு விஷயம்.

எழுத்துக்கூட்டலிலும் ஒழுங்கு கிடையாது. 1538-இல் சர்ச்சுகளில் பதிவேடு வைக்கச் சொன்ன நாள் முதல் குமாஸ்தா காதில் எப்படி விழுந்ததோ அப்படித்தான் பெயர். பின்னால் ‘பாட்டம்’ கேலிக்குரியதானபோது ‘போத்தம்’ என்ற எழுத்து சிலருக்கு வசதியாகப் போனது. கூச்சத்துக்காக எழுத்தை மாற்றினால் எனக்குப் புரிகிறது. இங்கே சில பேர் கூட்டுத்தொகை ஐந்து வர வேண்டும் என்று பெயரில் இரண்டு ‘ஏ’வைச் சொருகிக்கொண்டு, அழைப்பிதழில் ஒன்று குறைந்தால் பிரஸ்காரரோடு மல்லுக்கு நிற்கிறார்கள்.

அன்பருக்கு நேற்றே கார்டு எழுதிவிட்டேன். ‘ஹ’வை விட்டுத்தருவதாக. பதில் வரும், கடைசியில் நிற்கும் ‘ஸ்’ஸைப் பற்றித்தான் இருக்கும்.